வழிமொழிகிறேன்

மார்ச் 14

இன்று கல்விக் குழுக் கூட்டம். எங்கள் பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைத்தலைவர்களையும் ஒரே ஏசி அறையில் அடைத்து, புதுப் பாடங்களுக்கும் விதிகளுக்கும் தலையாட்டச் சொல்லும் சடங்கு. அஜெண்டா செங்கல் கனம். அதையும் கூட்டத்தன்று காலையில்தான் கையில் தருவார்கள். யாரும் தப்பித்தவறிப் படித்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்.

நானும் ஒன்றும் படித்துக் கிழித்தவள் இல்லை. அவரவர் துறை வரும்போது விழித்துக்கொள்வோம், மற்ற நேரம் தட்டில் என்ன வருகிறது என்று பார்ப்போம். ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் 'வழிமொழிகிறேன்' என்று கை தூக்குவது மரியாதை. கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு.

காலையில் என் முறை. 'தர்க்கவியல்' என்ற தாளின் பெயரை 'சிந்தனைத் திறன்' என்று மாற்றவேண்டுமாம். விடுவேனா? தத்துவத் துறைக்கு சண்முகவடிவு தலைவியாக இருக்கும்வரை தர்க்கம் தர்க்கமாகவே இருக்கும் என்றேன். துணைவேந்தர் சிரித்துவிட்டார். தாளின் பெயர் தப்பியது. மேஜையைத் தட்டினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் அவியல் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு பதிவாளர் எக்ஸ்பிரஸ் வேகத்தில் வாசித்தார். விடுதி, நூலகம், 'இணைப்பு ஏழில் உள்ளபடி', 'இணைப்பு எட்டில் உள்ளபடி'. எதையோ வணிகவியல் நயினார் முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் தேடிப் பதிவாளர் எங்கள் பக்கம் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் வரலாற்றுத் துறை ஹமீது சார். முழங்கையால் இடித்து, "மேடம், நீங்க சொல்லிருங்க. நான் இப்பதான் ரெண்டுக்கு கை தூக்குனேன்" என்றார். என் வாயில் பீடா. கையை மட்டும் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்தால் மோட்டார் ஓடவில்லை. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற இவர் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நடுமுற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஊருக்கே கரண்ட் கொடுத்தவர் வீட்டில் குடத்தில் தண்ணீர் சுமந்தேன். ஆனாலும் வெற்றி வெற்றிதான்.

ஏப்ரல் 22

பேனா பிடிக்கவே கை வரவில்லை.

காலையில் பியூலா ஓடி வந்தாள். எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளர். என்னிடம்தான் ஆய்வு செய்தாள். ஒவ்வொரு ஜூனிலும் புது உத்தரவு வாங்கி, பாதித் தாள்களை அவளே நடத்துகிறாள். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இந்த வருஷச் சேர்க்கை அறிவிப்பு. வரலாறு இருக்கிறது, பொருளாதாரம் இருக்கிறது, ஃபேஷன் டிசைனிங் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது.

"மேடம், நம்மளக் காணோம்."

இரண்டு தடவை பார்த்தேன். பி.ஏ. தத்துவமும் இல்லை, எம்.ஏ.வும் இல்லை. டைப்பிங்கில் விட்டிருப்பார்கள் என்று சேர்க்கைப் பிரிவுக்குப் போன் செய்தேன். "விடலை மேடம். அது அப்படித்தான். மேல கேளுங்க" என்று வைத்துவிட்டான். என்ன ஒரு திமிர்! அப்படித்தான் என்றால் எப்படித்தான்? ஒரு துறையை, பல்கலைக்கழகம் தொடங்கிய அன்றே தொடங்கிய துறையை, கொடியில் காய்ந்த துணியை உருவுகிறதுபோல் உருவிவிட முடியுமா?

பியூலா கேட்டாள், "மேடம், மார்ச் கூட்டத்துல இதப் பத்தி ஏதாச்சும் வந்துச்சா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"வந்திருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள்.

ஏப்ரல் 23

பதிவாளரைப் பார்த்தேன். உட்காரச் சொல்லி, இஞ்சி டீ வரவழைத்து, அதற்கப்புறம் கழுத்தை அறுத்தார்.

"காசு இல்ல மேடம். பென்ஷனையே தள்ளித் தள்ளிக் குடுக்கோம். மானியமும் குறைஞ்சாச்சு. உங்க கிளாஸ்ல பிள்ளைகளை விட பெஞ்சுதான் ஜாஸ்தி. அதான் சீரமைப்பு."

சீரமைப்பு! இருக்கிற மாணவர்கள் படித்து முடிக்கும்வரை நான் நடத்தலாமாம். அதோடு மீதி நேரத்தில் பொறியியல் மாணவர்களுக்கு மென்திறன் வகுப்பு. இன்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கை குலுக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஜூன் முதல் உத்தரவு கிடையாது.

"பியூலா?"

"அவங்க பெர்மனன்ட் இல்லியே மேடம்."

"யாரைக் கேட்டு இதச் செஞ்சீங்க?" என்றேன்.

"கல்விக் குழுவில பாஸ் ஆயிருக்கே."

"நான் அங்கதானே இருந்தேன்!"

"ஆமா மேடம்," என்றார் டீயை உறிஞ்சிக்கொண்டே. "இருந்தீங்க."

அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். அதிகாரம் தலைக்கேறினால் மனிதனுக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும்.

ஏப்ரல் 25

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறு எதுவும் ஓடவில்லை.

ஏப்ரல் 29

கலைப்புல வாசலில் வாகை மரத்தடியில் எங்கள் மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பியூலாதான் ஏற்பாடு. வரலாறு, தமிழ்ப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.

இரண்டாமாண்டு மாரிச்செல்வி பேசினாள். "தத்துவம்னதும் எங்க வீட்ல, சாமியாராப் போகப்போறியான்னு கேட்டாவ. இப்ப எங்க அப்பா டீக்கடையில யாராச்சும் வாட்சப்புல வந்ததப் படிச்சா, 'இதுக்கு ஆதாரம் என்னல?'ன்னு கேக்காரு. நான் சொல்லிக் குடுத்தது. அவரு மேல கடையில எல்லாருக்கும் கடுப்பு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தத்துவம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் இத்தனை வருஷமாகச் சொன்ன பதில் ஒன்றுகூட அந்த டீக்கடைக்குப் பக்கத்தில் வராது.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். மைக் கையில் வந்தால் எனக்குச் சாமி வந்துவிடும். "இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தது யார்? வழிமொழிந்தது யார்? ஒரு துறையின் கழுத்தில் கத்தி வைக்கக் கை தூக்கிய அந்த மனிதர்கள் இந்த வளாகத்தில்தான் நடமாடுகிறார்கள். அவர்கள் பெயரைப் பல்கலைக்கழகம் வெளியிடட்டும். அவர்கள் முகத்தை நாங்கள் பார்க்கவேண்டும்!"

கைதட்டல் நிற்கவே இல்லை. பியூலா மட்டும் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மே 2

ஹமீது சாரிடம் ஏதோ இருக்கிறது.

தினமும் மத்தியானம் என் அறைக்கு டப்பாவோடு வருகிறவர் இப்போது வருவதில்லை. எதிரே பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். போராட்டத்துக்கும் வரவில்லை. வரலாறு மட்டும் எப்படித் தப்பியது? அங்கேயும் பிள்ளைகள் ஒன்றும் அலைமோதவில்லையே. யார் யாரோடு என்ன பேசினார்களோ. பல வருஷமாக அவர் வீட்டு ரம்ஜான் கஞ்சியைக் குடித்திருக்கிறேன். மனிதர்களை நம்பவே கூடாது.

இவரிடம் சொன்னேன். "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிறார். மாரிச்செல்வி அப்பாவோடு சேர்த்து டீக்கடைக்கு அனுப்பவேண்டும்.

மே 6

வெற்றி! மாணவர்கள் முற்றுகைக்குப் பணிந்து, வருகிற பதினெட்டாம் தேதி முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகப் பதிவாளர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளும்போது என்னைப் பார்த்து, "கண்டிப்பா போடணுமா மேடம்?" என்று கேட்டார். "கண்டிப்பா" என்றேன். "எழுத்து பெருசா இருக்கட்டும்."

மே 8

எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் ஹமீது சார் வீட்டுக்கு வந்தார். இவர் மோட்டாருக்கு வாஷர் வாங்கப் போயிருந்தார். நான் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவராக உட்கார்ந்தார்.

"மேடம், அந்தப் பேரைக் கேக்குறத நிப்பாட்டிருங்க."

"ஏன், உங்க பேரு வந்துரும்னா?"

"என் பேரு இல்ல மேடம்."

அதற்கப்புறமும் எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. "பின்ன யாரு?" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இணைப்பு ஏழு" என்றார். "சாப்பாட்டுக்கு அப்புறம். நயினார் முன்மொழிஞ்சாரு. நான் உங்களை இடிச்சேன்."

பீடாவின் இனிப்பு வாய்க்குள் திரும்ப வந்தது. தூக்கிய என் கை எனக்கு அப்படியே தெரிந்தது. வளையல்கூட நழுவி முழங்கைக்கு வந்ததே.

"நானும் படிக்கல மேடம். அங்க ஒருத்தரும் படிக்கல. அல்லா மேல ஆணை. நான் தூக்கியிருந்தா என் பேரு இருந்திருக்கும்."

தர்க்கவியலின் பெயருக்காகக் காலையில் அத்தனை சத்தம் போட்டுவிட்டு, மத்தியானம் துறையையே தாரை வார்த்திருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் என்பார்கள். நான் மைக் பிடித்து, கைதட்டல் வாங்கி, எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டேன்.

போகும்போது ஒன்று சொன்னார். பல்கலைக்கழக விதிப்படி நிறைவேறிய தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டுமானால், முன்மொழிந்தவரோ வழிமொழிந்தவரோ எழுந்து கேட்கவேண்டும். நயினார் கேட்கமாட்டார். பதினைந்தாம் தேதி பட்ஜெட்டுக்காகச் சிறப்புக் கூட்டம் இருக்கிறது. "நீங்க மட்டும்தான் கேக்க முடியும் மேடம்," என்றார். "ஆனா, என்ன நடந்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

மே 9

இட்லிக்கு அரைத்தேன்.

மே 10

இவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை வாஷரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

"தத்துவம் எதுக்குன்னு கேக்காங்கல்ல வடிவு," என்றார். "படிச்சுப் பாத்துட்டு கை தூக்குறதுக்குன்னு சொல்லு."

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. மோட்டார் மட்டும் ஓட ஆரம்பித்துவிட்டது.

மே 11

பதிவாளர் போன் செய்தார். குரலில் தேன். "பேரை ஒட்டாம இருக்க ஒரு வழி இருக்கு மேடம். பிள்ளைகளைக் கலைஞ்சு போகச் சொல்லுங்க. உங்க மரியாதை எங்க மரியாதை." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? முடியாது என்று சொல்ல ஒரு விநாடி போதும்.

போராட்டத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. போனேன். பியூலா புதிதாக ஒரு அட்டை எழுதி வைத்திருந்தாள். சிவப்பு மையில், அவளுடைய அழகான கையெழுத்தில்: 'வழிமொழிந்த கை எது?' பத்திரிகைக்காரர் ஒருவர் என்னை அதைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். போட்டோ எடுத்தார்.

அட்டையைத் திரும்ப வாங்கும்போது பியூலா, "கை வலிக்குதா மேடம்?" என்று கேட்டாள். வெயில் என்றேன். அவளுடைய மகன் யூ.கே.ஜி. போகப்போகிறான், சீருடை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

மே 13

பிள்ளைகளைக் கலைந்து போகச் சொன்னால் என் பெயர் தப்பும். பியூலா போய்விடுவாள். எழுந்து கேட்டால் என் பெயர் போகும். பியூலா ஒருவேளை இருப்பாள். நீதிநெறித் தாளில் இதைவிடக் கஷ்டமான கேள்வியெல்லாம் கொடுத்து, தப்பாக எழுதியவர்களுக்கு மார்க் குறைத்திருக்கிறேன்.

பதிவாளருக்கு நானே போன் செய்தேன். "ஒட்டுங்க" என்றேன்.

மே 15

சிறப்புக் கூட்டம். இந்த முறை அவியல் கிடையாது, சிக்கனமாம். ஒரு பிஸ்கட்டும் டீயும்.

பட்ஜெட் வாசித்து முடிந்ததும் எழுந்தேன். எழுதி வைத்திருந்ததைப் படிக்கலாம் என்று பார்த்தேன், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். அதனால் சும்மா பேசினேன்.

"மார்ச் கூட்டத்தில் இணைப்பு ஏழை வழிமொழிந்தது நான். என் துறையை மூடும் தீர்மானத்தை நானே வழிமொழிந்தேன். படிக்கவில்லை. காதில் வாங்கவும் இல்லை. வாயில் பீடா இருந்தது. வெளியே மாணவர்களிடம் அந்தக் கை யாருடையது என்று கத்தியதும் நான்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. விதிப்படி, அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனைக்கு எடுக்கக் கேட்கிறேன்."

யாரோ இருமினார்கள். நயினார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். துணைவேந்தர் நல்ல மனிதர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "உங்க நேர்மையைப் பாராட்டறேன் மேடம். மேடத்தோட கோரிக்கையை யாராவது வழிமொழியறீங்களா?" என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

அறையிலுள்ள அத்தனை பேரும் தலையைக் குனிந்து அஜெண்டா படித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழுவில் இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத காட்சி. ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தார்கள். யார் யாருக்கெல்லாம் நான் கை தூக்கியிருக்கிறேன்! தமிழ்த் துறைக்குப் புதுத் தாள், பொருளாதாரத்துக்குக் கருத்தரங்கு, எல்லாவற்றுக்கும் என் மொய் இருக்கிறது. ஹமீது சாரைப் பார்த்தேன். அவர் பேனாவால் எதற்கோ அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். வெற்றுப் பக்கம் அது.

"வழிமொழிய யாரும் இல்லாததால் கோரிக்கை விழுகிறது," என்றார் துணைவேந்தர். அடுத்து வாகன நிறுத்தம்.

இதை எழுதும்போதுகூட என்னால் நம்பமுடியவில்லை. அவமானம் வரும் என்று தயாராகப் போனேன். கேலி வரும் என்று தயாராகப் போனேன். ஒரு கைகூட எழாது என்று நினைக்கவே இல்லை.

ஒன்று மட்டும் கிடைத்தது. இப்படித் தவறு நேராதிருக்க, இனி அஜெண்டாவை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பதிவாளர் பெருந்தன்மையாக அறிவித்தார்.

வெளியே வாகை மரத்தடியில் பியூலா நின்றுகொண்டிருந்தாள். என்ன ஆச்சு மேடம் என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"சொன்னீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"என்னத்த?"

"அத."

அறிவிப்பு வந்த அன்று காலையிலேயே அவளுக்குத் தெரியுமாம். கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்தது அவளுடைய சித்தி மகள். அன்று ஓடி வந்து போனை நீட்டியபோதே தெரியும். மைக் வயரைச் சுருட்டியபோது தெரியும். அட்டை எழுதியபோது தெரியும்.

"ஏம்மா எங்கிட்ட கேக்கல?"

"தினம் கேட்டுக்கிட்டுத்தான் மேடம் இருந்தேன்."

அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன். மாணவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அதன்பிறகு, நானே மாணவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். மாரிச்செல்வி அந்த அட்டையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மே 18

ஒட்டிவிட்டார்கள். எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது.

ஜூன் 3

பியூலா வந்து அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் ரீசனிங் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "தர்க்கந்தான் மேடம். பேரு மட்டுந்தான் வேற," என்றாள். பேருக்காக நான் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை என்று நம்புகிறேன். நினைத்தும் சொல்லியிருக்கலாம்.

என் மென்திறன் வகுப்புகள் அடுத்த மாதம். முதல் வகுப்பு: கூட்டங்களில் நடந்துகொள்ளும் முறை. நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை, அச்சடித்து வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20

கல்விக் குழு அஜெண்டா கூரியரில் வந்தது. பழுப்பு உறை, அதே செங்கல் கனம். கூட்டம் நாளை. இவர் டீ போட்டு வைத்துவிட்டு, தொந்தரவு செய்யாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பார்க்கிங் விதி, ஆய்வகக் கட்டணம், பட்டமளிப்பு அங்கியின் நிறம். எல்லாவற்றையும் படித்தேன். கடைசி இணைப்புக்கு முந்தின இணைப்பில் ஒரு பத்தி. மென்மையான பத்தி. 'வரலாறு' என்ற சொல் அதில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, 'சீரமைப்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.

திரும்பவும் படித்தேன். அதேதான்.

ஹமீது சார் அடிக்கோடு போட்ட அந்த வெற்றுப் பக்கம் கண்ணுக்குள் வந்தது. சொல்லாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. பொய் சொல்லக் கூடாது, தோன்றத்தான் செய்தது. டீ ஆறும்வரை தோன்றிக்கொண்டிருந்தது.

போன் செய்தேன். மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

"ஹமீது சார், அஜெண்டா படிச்சீங்களா?"

"மேடம்!" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "எப்படி இருக்கீங்க? நானே கூப்பிடணும்னு... அஜெண்டாவா? வந்திருக்கு. இன்னும் பிரிக்கல. ஏன் மேடம், உங்களுக்கு ஏதாச்சும் ஐட்டம் இருக்கா? சொல்லுங்க, இந்தத் தடவை நான் கை தூக்கிருதேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நாளைக்கு நான் ஒண்ண எதிர்த்துப் பேசப்போறேன் சார். அத வழிமொழிய ஆள் வேணும்."

"எத மேடம்?"

"படிச்சுட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.